மாடி வகுப்பைக் கீழே கொண்டுவாருங்கள்

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியின் தலைமையாசிரியை நான். நடக்கச் சிரமப்படும் பிள்ளையும், எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சிறப்பாசிரியர் எல்லா நாளும் வருவதில்லை. என்னால் என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகி, மட்டாஞ்சேரி, கொச்சி

பதில்: நிறையவே முடியும், அம்மா. சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குப் போகிறவர். தொடக்க வகுப்புகளில் பத்துச் சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவை உச்ச நீதிமன்றம் 2021இல் சுட்டியது. அது நிறைவேறும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. நடக்கச் சிரமப்படும் பிள்ளையின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற நீங்கள் ஒருவர் முடிவெடுத்தால் போதும். கழிப்பறைக்குச் சாய்தளமும் கைப்பிடியும் உடனே வேண்டும்.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழோ கொங்கணியோ குஜராத்தியோ பேசும் பிள்ளை, பள்ளியில் மலையாளம், ஆங்கிலம், இந்தி மூன்றையும் எழுத வேண்டும். அது திணறினால், "மொழி புரியவில்லை" என்று ஆசிரியர்கள் விட்டுவிடுவார்கள். கற்றல் குறைபாடு ஆண்டுக்கணக்கில் மறைந்தே கிடக்கும். வீட்டுமொழியிலும் வாசிக்கவோ ஒலிகளைப் பிரிக்கவோ திணறுகிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத உதவியாளர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாட விலக்கு ஆகியவற்றுக்கு வழிசெய்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நெருங்கியபின் ஓடாதீர்கள். எட்டாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்து இந்தச் சலுகைகளுக்கான சான்றிதழ் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.