மழலையர் வகுப்பை மூடினால் இழப்பு யாருக்கு?

சிற்றூர்ப் பள்ளியின் மழலையர் வகுப்பை மூடுமுன் பிள்ளைகளின் தொகையை மட்டும் பார்த்தல் போதாது. இழப்பு யாரைச் சாரும் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

நம் மாநிலத்தில் 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப் பெற்றன. 2022 ஜூனில் அவற்றின் ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கு மாற்றப்படவே, வகுப்புகள் நிற்கும் நிலை எழுந்தது. எதிர்ப்பு வலுத்ததும், அவை தொடருமென அரசு அதே மாதத்தில் அறிவித்தது. அங்கன்வாடி நீடித்தாலும் கற்பித்தல் நின்றிருக்கும். ஆதலின் காப்பு வேறு, கல்வி வேறு எனப் பிரித்து எண்ணுதல் முறை.

ஆணை அனைவர்க்கும் பொது, சுமையோ பொதுவன்று. வசதியுடையார் கட்டணப் பள்ளியை நாடுவர். காப்பும் நின்றுவிடின், மறைமலை நகர், ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்டு செல்லும் தாயும், நாற்று நடும் தாயும், தார் சுற்றும் தாயும் கூலி இழப்பர்; அன்றேல் மூத்த மகளின் படிப்பு கெடும். மாற்றுத்திறன் குழந்தைக்குத் தொலைவே தடையாகும்.

எனவே அங்கத்தினர்கள் வீடுதோறும் வினவிக் குறிப்பார்களாக: தாய் வேலைக்குச் செல்கிறாரா? அடுத்த மையம் எத்தனை தொலைவு? கட்டணம் செலுத்த இயலுமா? குழந்தையை யார் காப்பர்? விடைகளைக் கிராம சபையில் வைத்தல் நம் கடமை. கணக்கோடு சென்ற கோரிக்கையை எளிதில் தள்ள இயலாது.