உண்ணத்தகு காளான்: உணவா, மருந்தா?

கண்டிச் சந்தையிலும் பேராதனை, கம்பளைக் கடைகளிலும் பைகளில் விற்கப்படும் சிப்பிக் காளானை நீங்கள் கண்டிருப்பீர்கள். இது பச்சையம் அற்ற ஒரு பங்கசு. மரத்தூளும் தவிடும் கலந்த ஊடகத்தில் வளர்க்கப்படுகிறது. நொதியங்களைச் சுரந்து ஊடகத்தைச் சமிபாடடையச் செய்து போசணையை உறிஞ்சிக்கொள்ளும்.

போசணை அளிப்பதோடு உடல்நலத்துக்கு மேலதிக நன்மையும் தரக்கூடிய உணவு தொழிற்பாட்டு உணவு எனப்படும். காளானையும் அதன் சாற்றையும் பொடியையும் இவ்வகையில் ஆராய்வதற்கான காரணங்கள்:

1. கலச்சுவரிலுள்ள பீட்டா குளுக்கன் என்னும் நார்ப்பொருள், குடலில் குளுக்கோசு அகத்துறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தக்கூடியது.
2. காளானிலுள்ள எர்கொஸ்திரோல், சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் பட்டால் விற்றமின் D2 ஆக மாறும்.
3. புரதம் உண்டு, கொழுப்பு மிகக் குறைவு.

இலங்கை ஆய்வு

இலங்கை ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உறையவைத்து உலர்த்திய சிப்பிக் காளான், அபலோன் காளான் ஆகியவற்றின் பொடி பயன்படுத்தப்பட்டது. உடல் நிறையின் 1 கிலோகிராமுக்கு 50 மில்லிகிராம் வீதம் அது கொடுக்கப்பட்டது. உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் நோயைக் கட்டுப்படுத்தி வந்த இரண்டாம் வகை நீரிழிவு நோயாளரில், உணவுக்குப் பின்னரான குருதிக் குளுக்கோசு மட்டம் குறைந்தது.

பயிற்சி வினாக்கள்

வினா 1: 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு எவ்வளவு பொடி தேவை? காளானில் 90% நீர் எனின், அதற்கு வேண்டிய பச்சைக் காளான் எவ்வளவு?
விடை: 60 × 50 = 3000 மில்லிகிராம், அதாவது 3 கிராம். பச்சைக் காளானில் 10% உலர் பொருள் என்பதால் 30 கிராம்.

வினா 2: உமது தந்தை நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டுக் காளான் பொடி உண்ண விரும்புகிறார். இவ்வாய்வை ஆதாரமாகக் காட்டலாமா?
விடை: காட்ட முடியாது. ஆய்வுக்கு உட்பட்ட நோயாளர் மாத்திரை எடுக்காதவர்கள். மாத்திரைக்குப் பதிலாகப் பொடி போதுமா என்பது அங்கு சோதிக்கப்படவில்லை. காளானைக் கறியாக உண்ணலாம். மாத்திரையை மாற்றுவது வைத்தியரின் முடிவு. மாத்திரையுடன் பொடியையும் சேர்ப்பதாயின், குளுக்கோசு மட்டம் அளவுக்கு மீறிக் குறைய இடமுண்டு. அதையும் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

நினைவிற் கொள்க: மழைக்குப் பின் தோட்டங்களில் முளைக்கும், இனம் தெரியாத காளானை உண்ணாதீர்கள். சில காளான்களின் நஞ்சு சமைத்தாலும் அழியாது.