கோப்பு அனுப்பும் முன் அறிய வேண்டியவை

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களிலிருந்து துணி மாதிரிப் படங்களையும் கணக்குக் கோப்புகளையும் திருப்பூருக்கோ கோவைக்கோ இணையம் வழி அனுப்புவோர், இணைய வேகம் மெகாபிட்டிலும் கோப்பின் அளவு மெகாபைட்டிலும் குறிக்கப்படுவதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு 100 மெகாபிட் என்று விற்கப்படும் இணைப்பில் அதிகபட்சம் 12.5 மெகாபைட்டே நகரும்; நடைமுறையில் அதனினும் குறையும். கோப்பைப் பெறுவதாகிய பதிவிறக்கமும் அனுப்புவதாகிய பதிவேற்றமும் எல்லா இணைப்புகளிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதால், அனுப்பும் வேலை மிகுந்தோர் பதிவேற்ற வேகத்தைத் தனியே கேட்டறிந்து இணைப்புப் பெறுதல் நன்று.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டு நெசவின் நுணுக்கம் மங்கும். ஆவணமாக அனுப்பினால் மூலத்தரம் குறையாது. கோப்பு 25 மெகாபைட்டை மிஞ்சினால் ஜிமெயில் அதைக் கூகுள் டிரைவில் ஏற்றிச் சுட்டியாக அனுப்பும். அதைத் திறக்கும் உரிமையைப் பெறுநருக்கு மட்டும் அளித்தல் வேண்டும்.

இரு கணினிகளுக்கிடையே கோப்பு மாற்றும் விதித்தொகுதியாகிய எஃப்.டி.பி.யின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண் என்பது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் அம்முறை கடவுச்சொல்லையும் மறைக்காமல் அனுப்புவது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் 2021இல் அதனைக் கைவிட்டன. வங்கி விவரம் அடங்கிய கோப்புகளை, வழியில் எவரும் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யும் எஸ்.எஃப்.டி.பி. வழியாகவே அனுப்புதல் வேண்டும்.