விரைநாய்களும் பச்சை இறைச்சியும்

நாயின் இளமைப் பெயரைக் 'குருளை' எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கும். ஞமலி, ஞாளி எனப் பிற பெயர்களும் பழந்தமிழில் உள. இத்துணைப் பெயரிட்டு வழங்கிய உயிர்க்கு இடும் உணவைப் பற்றி நாம் எண்ணியது குறைவே.

ஒடுங்கிய இடையும் நீண்ட கால்களும் உடையனவாய், மோப்பத்தினும் பார்வையையே நம்பி இரையைத் துரத்தும் நாய்வகை ஒன்றுண்டு. நம் சிப்பிப்பாறை, கன்னி, அரபு நாட்டுச் சலூகி, மேனாட்டுக் கிரேஹவுண்டு ஆகியன அவ்வகையின. தென்மாவட்டங்களில் இவை முயல் வேட்டைக்குப் பயன்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவ்வேட்டை இன்று குற்றம். அமெரிக்காவிலோ கிரேஹவுண்டுகள் பந்தயத்திற்கென்றே வளர்க்கப்பட்டன.

1980களில் அலபாமா மாநிலத்துப் பந்தயக் கொட்டில்களில் புதியதொரு நோய் தோன்றிற்று. கால்களில் ஆழ்ந்த புண்கள் எழுந்தன. சில நாய்கள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. 1988இல் ஆய்வறிஞர் இதனை விரித்தெழுதினர். 'அலபாமா அழுகல்' என்பது இதன் வழக்குப் பெயர்.

ஆய்வாளரின் ஐயம் உணவின்மேற் சென்றது. நோயுற்றும் தாமே இறந்தும் போன மாடுகளின் இறைச்சியை அரைத்து, விலை மலிவு கருதி, சமைக்காமலே அந்நாய்களுக்கு இட்டனர். சமைத்தால் ஓட்டத்தின் வேகம் குறையும் என்பது பயிற்றுநர் பலரின் நம்பிக்கை. மனிதர் உண்ணாதிருக்கும்பொருட்டு அவ்விறைச்சியில் கரித்தூள் கலப்பது சட்டமுறை. கரித்தூள் மனிதரை விலக்கும், கிருமியை விலக்குமோ?

மாட்டின் குடலில் வாழும் ஈ.கோலி வகை ஒன்று, மாட்டுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அது சுரக்கும் 'ஷிகா' நஞ்சு பிற உடலில் புகுந்தால் நுண்குழாய்களின் உட்சுவரைச் சிதைக்கும். ஆங்காங்கே குருதி உறையும். தோலும் சிறுநீரகமும் அழியும். 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சி உணவை உண்டு நான்கு குழந்தைகள் இறந்ததும் இக்கிருமியால்தான். எனினும், இங்கிலாந்தில் 2012 முதல் பிற இன நாய்களிடம் காணப்படும் ஒத்த நோயில் இந்நஞ்சு கண்டறியப்படவில்லை. ஆதலின் இஃதொன்றே காரணம் என அறுதியிடல் தகாது.

'பச்சையாகத் தின்பது நாயின் இயல்பன்றோ?' என்று பெரியோர் வினவலாம். அன்றே பிடித்த முயல் வேறு. பல மாடுகளின் தசை ஒன்றாய் அரைபட்டுக் கிடப்பது வேறு. அரைக்குங்கால் மேற்பரப்பிலுள்ள கிருமி உள்ளெங்கும் பரவும். ஏற்ற வெப்பத்தில் ஈ.கோலி ஏறத்தாழ இருபது நிமிடத்திற்கொருமுறை இருமடங்காகும். உத்திரமேரூர்ச் சித்திரை வெயிலுக்கு அதனினும் ஏற்ற சூழல் யாதுளது?

நம் சிற்றூர்களிலும் கோழிக்கடைக் கழிவை அப்படியே நாய்க்கு இடுவோர் உளர். கோழியிறைச்சியில் சால்மொனெல்லா இருத்தல் கூடும். அதனை உண்ட நாய் நோயின் குறியே காட்டாமல் மலத்தில் கிருமியை வெளிவிடும்; அந்நாயைத் தழுவி விளையாடுவது வீட்டுக் குழந்தை. கழிவை நொய்யரிசியோடு சேர்த்து நன்கு கொதிக்க வைத்தால் கிருமி மடியும். நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே காய்கறிக்கு எடுத்தல் வேண்டும்.