ஹந்தான லினக்ஸ்: அனுகூலங்களும் பிரதிகூலங்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
அலகு: பணிசெயல் முறைமைகள்



"திறந்த மூலப் பணிசெயல் முறைமையொன்றின் அனுகூலங்கள் இரண்டும் பிரதிகூலங்கள் இரண்டும் தருக" என்ற வகை வினாவுக்கு "இலவசம்" என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டு நின்றுவிடக்கூடாது. எமது பிரதேசத்தின் பெயரைத் தாங்கிய ஒரு முறைமையை உதாரணமாகக் கொண்டு இவ்விடயத்தை விளங்கிக் கொள்வோம். மடவளையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் செல்லும் உங்களுக்கு, நகருக்குத் தெற்கேயுள்ள ஹந்தானை மலைத்தொடர் புதியதல்ல. அப்பெயரில் இலங்கையர் உருவாக்கிய லினக்ஸ் வெளியீடே ஹந்தான லினக்ஸ் ஆகும்.

1. முதலில் அறிய வேண்டியவை

யுனிக்ஸ்: 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய பணிசெயல் முறைமை.

லினக்ஸ்: 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கேர்னல், அதாவது முறைமையின் கரு. இது யுனிக்ஸைப் போன்று தொழிற்படும். ஆனால் அதன் நகல் அன்று.

திறந்த மூலம்: மூலக் குறிமுறையைப் பார்க்கவும், மாற்றவும், மாற்றியதை மற்றவருக்கு வழங்கவும் உரிமம் இடமளித்தல்.

வெளியீடு: லினக்ஸ் கருவுடன் இடைமுகம், பிரயோக மென்பொருள்கள் முதலியவற்றைச் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தருவது. உபுண்டு, டெபியன், பெடோரா என்பன உதாரணங்கள்.

கவனிக்க: "இலவசம்" என்பதும் "திறந்த மூலம்" என்பதும் ஒன்றல்ல. பணமின்றிக் கிடைக்கும் மென்பொருளொன்றின் மூலக் குறிமுறை மூடப்பட்டிருக்கலாம்.

2. ஹந்தான லினக்ஸ் எவ்வாறு உருவானது?

பெடோரா என்பது ரெட் ஹெட் நிறுவனத்தின் ஆதரவுடன் 2003 இல் ஆரம்பிக்கப்பட்ட வெளியீடாகும். அதை அடிப்படையாக வைத்து, இலங்கைப் பயனருக்குத் தேவையானவற்றைச் சேர்த்து ஹந்தான தயாரிக்கப்பட்டது. உதாரணமாக, ஹந்தான 17 இன் அடிப்படை பெடோரா 17 ஆகும். இவ்வாறு ஒருவர் உருவாக்கியதை இன்னொருவர் எடுத்து மாற்றி வெளியிட முடிந்தமைக்குக் காரணம் திறந்த மூல உரிமமே. இந்தியாவில் சி-டெக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு "பொஸ்" லினக்ஸை உருவாக்கியதும் இதே முறையிலாகும்.

3. அனுகூலங்கள்

(1) உரிமக் கட்டணம் இல்லை. ஒரு டிவிடியைக் கொண்டு எத்தனை கணினிகளிலும் நிறுவலாம். நண்பருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதும் சட்டபூர்வமானதே. தனியுரிமை மென்பொருளை அனுமதியின்றி நகலெடுப்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி குற்றமாகும்.

(2) தாய்மொழி ஆதரவு. சிங்களம், தமிழ் ஆகிய மொழிகளுக்கான வசதிகள் தொகுப்பிலேயே சேர்க்கப்பட்டிருந்தன.

(3) தேவையானவை ஒன்றாகவே கிடைத்தன. அலுவலக மென்பொருள், கல்விசார் மென்பொருள், பாடலும் படமும் இயக்கும் மென்பொருள் என்பன உடன் வந்தன. இணையம் மெதுவாகவும் செலவு கூடியதாகவும் இருந்த காலத்தில் இது பெரும் உதவியாகும். காப்புரிமைச் சிக்கல் காரணமாக எம்பி3 போன்ற வடிவங்களை இயக்கும் பகுதிகளைப் பெடோரா அக்காலத்தில் சேர்க்கவில்லை, ஹந்தான சேர்த்தது.

(4) நிறுவாமலே பரீட்சித்துப் பார்க்கலாம். டிவிடியிலிருந்து நேரடியாகக் கணினியை இயக்கிப் பார்க்க முடிந்தது. வன்தட்டிலுள்ள கோப்புகளை மாற்றாமலே, அச்சுப்பொறியும் ஒலியும் இயங்குகின்றனவா என அறியலாம்.

(5) கற்றலுக்கு ஏற்றது. ஆர்வமுள்ள மாணவர் மூலக் குறிமுறையை வாசித்து முறைமையின் உள்ளமைப்பை அறியலாம்.

4. பிரதிகூலங்கள்

(1) குறுகிய ஆதரவுக் காலம். பெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும். பெடோரா 17 வெளிவந்தது 2012 மே மாதத்தில். அதன் ஆதரவு 2013 ஜூலையில் முடிவுற்றது. அதனை நம்பியிருந்த ஹந்தான 17 உம் அத்துடன் பாதுகாப்புத் திருத்தங்களை இழந்தது.

(2) சிறிய சமூகம். ஒரு சிலரின் உழைப்பில் தங்கியுள்ள முறைமை, அவர்களுக்கு நேரம் இல்லாதபோது நின்றுவிடும். ஹந்தானவுக்கு நீண்ட காலமாகப் புதிய பதிப்பு வெளிவரவில்லை.

(3) உதவி பெறுதல் கடினம். பழுது ஏற்பட்டால் அதை அறிந்த தொழினுட்பவியலாளரைக் கண்டுபிடிப்பது எளிதன்று.

(4) மென்பொருள், வன்பொருள் பொருத்தப்பாடு. வின்டோஸுக்கு எழுதப்பட்ட மென்பொருள்கள் பல நேரடியாக இயங்கா. சில அச்சுப்பொறிகளுக்கும் வயர்லெஸ் அட்டைகளுக்கும் சாதன இயக்கிகள் கிடைப்பதில்லை.

நினைவிற் கொள்க: முதலிரண்டு பிரதிகூலங்களும் திறந்த மூலத்தின் பொதுவான குறைகள் அல்ல. டெபியன், உபுண்டு போன்ற பெரிய சமூகமுள்ள வெளியீடுகளுக்குப் பல ஆண்டுகள் ஆதரவு உண்டு. விடை எழுதும்போது "திறந்த மூலம் பாதுகாப்பற்றது" என எழுத வேண்டாம். "ஆதரவு நிறுத்தப்பட்ட முறைமை பாதுகாப்பற்றது" என்பதே சரி. 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த வின்டோஸ் எக்ஸ்பிக்கும் இதே விதி பொருந்தும்.

5. மாதிரி வினா

மடவளையிலுள்ள பாடசாலை ஒன்றின் கணினி ஆய்வுகூடத்தில் 10 கணினிகள் உள்ளன. யாவும் 64 பிற் செயலியும் 4 கிகாபைற் பிரதான நினைவகமும் கொண்டவை. இணைய இணைப்பும் உண்டு. மென்பொருள் வாங்கப் பணம் இல்லை. பின்வருவனவற்றுள் எதைத் தெரிவு செய்வீர்? காரணம் தருக.

(அ) நண்பரிடமிருந்து நகலெடுத்த தனியுரிமைப் பணிசெயல் முறைமை
(ஆ) அலுமாரியிலுள்ள ஹந்தான 17 டிவிடி
(இ) தற்போது ஆதரவுள்ள டெபியன் பதிப்பு

விடைக் குறிப்பு

(அ) சட்டவிரோதம். நகலுடன் வைரசு சேர்ந்து வரவும் கூடும்.

(ஆ) சட்டபூர்வமானது, ஆயினும் இற்றைப்படுத்தல் இல்லை. இணையத்துடன் இணைத்தால் மாணவரின் கோப்புகளும் கடவுச்சொற்களும் ஆபத்துக்குள்ளாகலாம். இணையம் இணைக்கப்படாத ஒரு பழைய கணினியில் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

(இ) பொருத்தமானது. சட்டபூர்வமானது, கட்டணமற்றது, பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பது, தமிழிலும் பயன்படுத்தக்கூடியது. எனினும் நிறுவுமுன் ஒரு கணினியில் நேரடியாக இயக்கி, அச்சுப்பொறியைச் சோதித்தல் வேண்டும்.

6. நீங்களே செய்து பாருங்கள்

1. "இலவச மென்பொருள் யாவும் திறந்த மூல மென்பொருளாகும்." இக்கூற்றுச் சரியா, பிழையா? விளக்குக.
2. பெடோராவை மாற்றி ஹந்தானவை வெளியிடுவது சட்டபூர்வமானது ஏன்?
3. உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ உள்ள கணினியின் பணிசெயல் முறைமை எது? அதன் பதிப்புக்கு இன்னும் ஆதரவு உள்ளதா எனக் கண்டறிந்து எழுதுக.

மூன்றாவது வினாவுக்கு "ஆதரவு இல்லை" என்பது உங்கள் விடையாயின், அதனை ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே கூறுங்கள். கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைத்த பின்னரே முறைமையை மாற்றுங்கள்.