ஏறும் வியூஸும் கையில் சேரும் காசும்
நம்பிக்கைகளும் உண்மைகளும்

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது விதையில்லாத் திராட்சை. பந்தல் போட்டு, கொடி ஏற்றி, கவாத்து பண்ணி, மருந்தடித்து, ஏறக்குறைய நாலு மாதம் காத்திருந்து அறுத்தால் அன்றைய விலை யாரோ சொல்லும் விலை. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது வேறு வழி தேடுகிறார்கள். ஆரி ஒர்க் கற்ற பெண் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்குகிறாள். கீபோர்டு வாசிக்கிற பையன் யூடியூப்பில் பாட்டு போடுகிறான். இன்னொருவன் விடியற்காலையில் மேகமலைக்கு பைக்கை விடுகிறான், பனியைப் படம் பிடிக்க.

இந்த ஆசையில் தப்பே கிடையாது. அல்லிநகரத்து பாரதிராஜாவும், பண்ணைப்புரத்து இளையராஜாவும், வடுகபட்டி வைரமுத்துவும் கிளம்பி வந்த மாவட்டம் இது. அவர்கள் ஊரை விட்டுச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று திண்ணையில் உட்கார்ந்தே உலகத்துக்குக் காட்டலாம். எனக்கு வருத்தமெல்லாம், இந்த ஆசையோடு சேர்ந்து ஊருக்குள் உலவும் சில பேச்சுகள்மேல்தான். அவற்றை நம்பி அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போகிறது, கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஆயிரம் சப்ஸ்கிரைபர் வந்துவிட்டால் மாசாமாசம் காசு வர ஆரம்பித்துவிடும்.

ஆயிரம் என்பது பாதிக் கதவு. விளம்பரப் பணத்தில் பங்கு கேட்க யூடியூப் வைத்திருக்கும் நிபந்தனை இது: ஆயிரம் சந்தாதாரர்கள், கூடவே கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை. அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் வீடியோக்களுக்கு ஒரு கோடி பார்வை. 500 சந்தாதாரர்களுக்கே ஒரு வாசல் 2023இல் திறந்தார்கள். ஆனால் அது ரசிகர்கள் விரும்பிக் கொடுக்கும் பணத்துக்கான வாசல், விளம்பரப் பணத்துக்கானது அன்று.

4,000 மணி நேரம் என்றால் எவ்வளவு? பத்து நிமிட வீடியோவை 24,000 பேர் கடைசி வரை பார்க்க வேண்டும். கடைசி வரை யார் பார்க்கிறார்கள்? சராசரியாகப் பாதியில் போய்விடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 48,000 பேர்.

அதைத் தாண்டிய பிறகு பணம் எப்படி வருகிறது என்பது நம் திராட்சைக் கமிஷன் கடை மாதிரிதான். சரக்கு நம்முடையது, விலை அங்கே முடிவாகும், கமிஷன் கழித்து மீதி கைக்கு வரும். நீள வீடியோவில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு நமக்கு. ஷார்ட்ஸில் நமக்கென்று ஒதுக்கும் தொகையில் 45 விழுக்காடு. விளம்பரத்தின் விலையோ பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன விஷயத்தைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. கம்பத்தில் ஒருவர் பார்த்தால் கிடைப்பதும், கனடாவில் ஒருவர் பார்த்தால் கிடைப்பதும் ஒன்றாகாது. அதனால்தான் ஒரு லட்சம் வியூஸுக்கு இவ்வளவு என்று யாராலும் ஒரே தொகை சொல்ல முடியாது. சொல்கிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு வகுப்புக்கு ஆள் சேர்க்கிறவராக இருப்பார்.

இன்னும் சில படிகள் இருக்கின்றன. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க கூகுள் ஒரு பின் எண்ணை அஞ்சலில் அனுப்பும். பின்கோடு தப்பாக இருந்தால் அந்தக் கடிதம் வந்து சேராது, பணமும் நகராது. 100 டாலர் ஆன பிறகே வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவம் ஒன்றையும் நிரப்ப வேண்டும். நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்கள் மூலம் வந்த வருமானத்துக்கு மட்டும், இந்தியாவோடு உள்ள ஒப்பந்தப்படி, 15 விழுக்காடு பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த வருமானத்தில் 24 விழுக்காடு வரை போகலாம்.

நம்பிக்கை: புதுக்கோட்டைத் தாத்தாவுக்கு முடிந்தது, நமக்கு முடியாதா?

வில்லேஜ் குக்கிங் சேனலைச் சொல்கிறார்கள். பெருமையாகச் சொல்ல வேண்டிய கதைதான். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் தொடங்கியது. பெரியதம்பி தாத்தாவும் பேரன்கள் ஐந்து பேரும். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட வீடியோ வெளிவந்தது. அதே ஆண்டில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆனது. முதல்வரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ‘விக்ரம்’ படத்திலும் தலைகாட்டினார்கள்.

ஆனால் இந்தக் கதையிலிருந்து எதை எடுத்துக்கொள்வது? அங்கே ஆறு பேர் சேர்ந்து உழைக்கிறார்கள். வெட்ட ஒருவர், அடுப்புக்கு ஒருவர், கேமராவுக்கு ஒருவர் என்று வேலை பிரிகிறது. தாத்தாவின் சமையல் கை, கேமராவுக்காகக் கற்றுக்கொண்டதன்று. அதற்கு மேல், அந்த வீடியோவைப் பார்க்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. விறகடுப்பு, வயல்வெளி, அண்டா நிறையக் கறி, அதை வயதானவர்கள் வயிறாரச் சாப்பிடும் முகங்கள். பிரேசில்காரனுக்கும் புரியும். அவர்களுடைய ரசிகர் கூட்டம் உலகமெங்கும் பரவியது இப்படித்தான். ஆந்திரத்தில் நூறு வயது தாண்டிய மஸ்தானம்மா பாட்டியின் சமையலை உலகம் பார்த்ததும் இதே காரணத்தால். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின.

பேசிப் புரியவைக்க வேண்டிய கலை வேறு வகை. தமிழில் கதை சொல்கிறவருக்கும், வட்டாரப் பேச்சில் நகைச்சுவை செய்கிறவருக்கும் பார்வையாளர் எல்லை மொழியோடு முடிகிறது. அதில் குறை ஒன்றும் இல்லை, கணக்கு மட்டும் வேறு. அந்தக் கணக்கைப் போடாமல் தாத்தாவோடு தன்னை ஒப்பிட்டு, ஆறாவது மாதத்திலேயே ‘எனக்குத் திறமை இல்லை’ என்று மனம் உடைந்துபோகிற பிள்ளைகள்தான் எனக்குக் கவலை.

நம்பிக்கை: கைவேலையை ஆன்லைனில் விற்றால் நல்ல லாபம், முதலீடே வேண்டாம்.

இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் பக்கம் அதிகம் நடப்பதும் இதுதான்.

ஆரி ஒர்க்கை எடுத்துக்கொள்வோம். துணியை மரச்சட்டத்தில் மத்தளத் தோல் மாதிரி இறுக்கிக் கட்ட வேண்டும். தொய்வு இருந்தால் ஊசி சிக்கும். வலது கையில் கொக்கி நுனி ஊசி, துணிக்கு அடியில் இடது கை நூலைப் பிடித்துச் சுற்றிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் கொக்கி நூலை மேலே இழுத்துச் சங்கிலி போடும். பிறகு முத்து, கல், ஜரி, ஜர்தோசி. குனிந்த கழுத்து நிமிர மணிக்கணக்காகும். ஒரு மணப்பெண் பிளவுஸ் நாள்கணக்கில் கண்ணைக் குடிக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. பிளவுஸுக்கு வாங்கும் கூலி 1,500 ரூபாய். நூல், மணி, கல் எல்லாம் 600. வேலை நேரம் 30 மணி. மிச்சம் 900. மணிக்கு 30 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 240. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். கண்ணும் கையும் பழகி வரும் ஒரு கலைக்கு அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு, ‘ஆர்டர் நிறைய வருதுக்கா’ என்று சந்தோஷப்படுகிறோம். ஆர்டர் கூடக் கூட நட்டமும் கூடுகிறது என்பது தெரிவதில்லை. தன் நேரத்துக்குக் கூலி எழுதாததுதான் காரணம். வீட்டில் இருந்து செய்வதால் அது வேலை ஆகாமல் போய்விடாது.

கொரியர் செலவு, ரீல் எடுக்கும் நேரம், இன்பாக்ஸில் ‘விலை என்ன’ என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்குப் பதில் சொல்லும் நேரம், அளவு சரியில்லை என்று திரும்பி வரும் துணி, இவை எல்லாவற்றையும் விலையில் சேர்த்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா குறைவாக வாங்குகிறார் என்று நாமும் குறைத்தால் ஊரில் இந்த வேலை செய்யும் எல்லாப் பெண்களின் கூலியும் சேர்ந்து இறங்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்பு அமேசான், பிளிப்கார்ட் போன்ற தளங்களில் ஒரே ஒரு பொருள் விற்கவும் ஜிஎஸ்டி பதிவு வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரிகள் மாநிலத்துக்குள் பொருள் விற்க அந்தப் பதிவு இல்லாமலே, ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம்.

நம்பிக்கை: பத்து விநாடி பாட்டு போட்டால் ஒன்றும் ஆகாது.

அப்படி ஒரு விநாடிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. யூடியூப்பின் கண்டென்ட் ஐடி சில விநாடிகளிலேயே பாட்டை அடையாளம் கண்டுவிடும். பெரும்பாலும் நடப்பது, அந்த வீடியோவின் வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போவது. உரிமையாளர் நேரடியாகப் புகார் கொடுத்தால் ஸ்டிரைக். 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் வாங்கினால் சேனலே போகலாம். இளையராஜா தன் பாட்டுகளின் உரிமைக்காக எத்தனை வழக்கு நடத்தினார் என்பது நாடறிந்தது. அவர் ஊர் நம் தாலுகாவிலேயே இருக்கிறது என்பதால் பாட்டு நமக்கு இலவசமாகிவிடாது.

மேகமலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது 2021 முதல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடுவதும், தடுத்த இடத்துக்குள் போய்ப் படம் எடுப்பதும் குற்றம். அழகான ஒரு வீடியோ அபராதச் சீட்டில் முடிய வேண்டாம்.

நம்பிக்கை: ஒரு லட்சம் பேர் பின்தொடர்ந்தால் அது நம் சொத்து.

2020 ஜூன் 29 இரவை நினைத்துப் பாருங்கள். மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது, அதில் டிக்டாக்கும் ஒன்று. சீனாவுக்கு வெளியே அப்போது அதன் மிகப்பெரிய சந்தையாக இருந்தது இந்தியா. ஆடியும் நடித்தும் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்திருந்த கிராமத்துக் கலைஞர்களின் பக்கங்கள் ஒரே இரவில் இல்லாமல் போயின. ஜி.பி. முத்து மாதிரிச் சிலர் யூடியூப்புக்கு வந்து பிழைத்துக்கொண்டார்கள். மற்ற எத்தனையோ பேரை நாம் மறந்தே போனோம்.

அதற்கு முன்பு 2018இல் யூடியூப் தன் நிபந்தனையை உயர்த்தியபோதும், அதுவரை சில்லறை பார்த்துவந்த சிறு சேனல்களுக்கு வருமானம் நின்றது. யாரும் அவர்களைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. ஆகவே வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் உங்கள் நோட்டில் இருக்கட்டும். படங்களின் மூலப் பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும்.

நம்பிக்கை: வேலையை விட்டுவிட்டு முழுசாக இறங்கினால்தான் ஜெயிக்கலாம்.

எழுத்தாளர் சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டுதான் தமிழ் வாசகர்களைக் கட்டிப்போட்டார். தி. ஜானகிராமன் வானொலியில் வேலை பார்த்தார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் இருந்தார். மாதச் சம்பளம் அவர்கள் எழுத்தைக் கெடுக்கவில்லை. நாளைக்கு அரிசிக்கு என்ன செய்வது என்ற பயம் இருக்கும்போது மனசுக்குப் பிடித்ததைச் செய்ய முடியாது, ஓடுவதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். பிடித்து ஆரம்பித்த கலை அப்படித்தான் கசந்துபோகிறது. செலவுக்குப் போக ஓராண்டாவது தொடர்ந்து வருமானம் வந்த பிறகு வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் ஒரு யோசனை சொன்னார்: கலைஞனுக்குக் கோடிப் பேர் வேண்டாம், அவன் செய்வதையெல்லாம் காசு கொடுத்து வாங்கும் ஆயிரம் உண்மையான ரசிகர்கள் போதும். ஓடைப்பட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தும் என்றே நினைக்கிறேன். தேனி, கம்பம், சின்னமனூரில் வருஷா வருஷம் திரும்பி வரும் ஐம்பது குடும்பங்கள் ஒரு பெண்ணின் கைவேலைக்கு வாழ்வு கொடுக்க முடியும். வீடியோ அந்த ஐம்பது பேரைக் கூட்டி வரும் வழி. கூலி அவர்களிடமிருந்து வருகிறது.

நம்பிக்கை: ஆன்லைன் காசுக்கு வரி கிடையாது.

உண்டு. வருமானம் எந்த வழியில் வந்தாலும் கணக்கில் காட்ட வேண்டும். கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்காகக் கொடுக்கும் போன், மிக்ஸி போன்றவையும் வருமானம்தான். ஒரு கம்பெனி ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் அப்படிக் கொடுத்தால் 10 விழுக்காடு வரி பிடிக்கும் விதி 2022 ஜூலையில் வந்தது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்ந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் நுகர்வோர் விதி இருக்கிறது.

கடைசியாக, அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். யூடியூப்பில் சேனல் தொடங்கவோ இன்ஸ்டாகிராமில் பக்கம் திறக்கவோ ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. ‘சேனலை மானிட்டைஸ் பண்ணித் தர்றோம்’, ‘சப்ஸ்கிரைபர் ஏத்தித் தர்றோம்’, ‘வீடியோவுக்கு லைக் போட்டா தினமும் காசு’ என்று முன்பணம் கேட்டு யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.