உபாத்தியாயரின் குறையைத் தீர்க்கும் வழி

கணக்குப் பரிசோதனைக்கு வரும் அதிகாரி குறைகளை எழுதி வைத்துவிட்டுப் போன மாத்திரத்தில் பேரேடு தானே சீர்பட்டுவிடுவதில்லை என்பதை ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்கள் நன்கறிவார்கள். காரியதரிசியின் பக்கத்தில் உட்கார்ந்து பதியும் விதத்தைக் காட்டிக்கொடுக்க ஒருவர் வேண்டும். பாடசாலையின் விஷயமும் இவ்வாறானதே. உபாத்தியாயர் திறம்படப் போதிக்கவில்லையென்று மேலதிகாரி எழுதிவிட்டால், ஊரார் அவரை மாற்றும்படி மனுச் செய்வார்கள்; அல்லது வாளாவிருந்துவிடுவார்கள். மாற்றப்பட்டவர் தம் குறையையும் உடன்கொண்டே செல்கிறார். நஷ்டம் வேறோர் ஊர்ப் பிள்ளைகளுக்கு.

பரிசோதனையைக் கடுமையாக்கினாலே போதுமென்று எண்ணியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டின் விதிகளின்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகள் தேறியதற்குத் தக்கவாறே மானியத்தின் பெரும்பகுதி அளிக்கப்பட்டது. ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். உபாத்தியாயர்கள் என்ன செய்தார்கள்? வாசகப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் பண்ணுவித்தார்கள். பாடசாலைப் பரிசோதகராயிருந்த கவி மாத்யூ ஆர்னால்டே இம்முறையைக் கண்டித்தார். 1890களில் அது கைவிடப்பட்டது. சென்னை மாகாணத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேர்ச்சியைப் பார்த்து மானியம் கொடுக்கும் முறை இருந்ததுண்டு.

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து டொலீடோ நகரில் 1981ல் தொடங்கிய ஏற்பாடு வேறு வகையானது. அங்கே புதிதாய் வேலைக்கு வந்தவர்களுக்கும், அனுபவமிருந்தும் போதனையில் பின்தங்கியவர்களுக்கும் துணையாக, தேர்ந்த உபாத்தியாயர்கள் சிலர் தம் வகுப்பு வேலையிலிருந்து மூன்று வருஷ காலத்துக்கு விடுவிக்கப்பட்டார்கள். துணையாளர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து நடப்பதைக் குறித்துக்கொள்வார். குறையைத் தனிமையில் எடுத்துரைப்பார். வேண்டுமாயின் தாமே ஒரு பாடம் நடத்திக் காட்டுவார். தவணை முடிந்ததும், உபாத்தியாயர் சங்கத்தார் ஐவரும் நிர்வாகத்தார் நால்வரும் கூடிய சபை அவருடைய அறிக்கையைக் கேட்டு முடிவு செய்யும். துணையிருந்தும் தேறாதவர் வேலையை இழக்கவும் நேர்ந்தது. தம் சங்கத்தாரே அம்முடிவில் கையெழுத்திட்டதால் அது பழிவாங்கலென்று சொல்ல இடமில்லாமற் போயிற்று. சின்சினாட்டி, கொலம்பஸ் முதலிய நகரங்களும் பின்னர் இவ்வழியைக் கைக்கொண்டன.

துணையாளர் சொல்லும் குறை, செய்து பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறிதாயிருத்தல் வேண்டும். 'போதனை திருப்திகரமாயில்லை' என்னும் வாக்கியத்தைக் கொண்டு எவரும் மறுநாள் எதையும் மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதைக் கடிகாரத்தால் அளந்து காட்டலாம். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார் 1970களில் இவ்வாறு அளந்தபோது, பெரும்பாலோர் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லையென்று தெரிந்தது. மூன்று விநாடி பொறுத்தவர்களின் வகுப்பில் பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வாய் திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். எப்பொழுதும் முன்வரிசையையே கேட்பது, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவது ஆகிய குறைகளும் இவ்விதமே. ஒரே சமயத்தில் ஒன்றிரண்டைத் திருத்திக்கொண்டு, சில வாரங்களுக்குப்பின் அவரே மறுபடி வந்து பார்ப்பது நலம்.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டப்படி, அரசாங்கப் பாடசாலையின் நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அக்குழுவில் இடம்பெறும் சங்க அங்கத்தினர்கள், பக்கத்து ஊரின் தேர்ந்த உபாத்தியாயர் ஒருவரை வாரம் ஒரு நாள் அனுப்பும்படி கல்வி அதிகாரியைக் கேட்கலாம். அவர் எழுதும் குறிப்பு இரு உபாத்தியாயர்களுக்கு மட்டுமே உரியது; டீக்கடைத் திண்ணையில் வாசிக்கத்தக்கதன்று. அறுவடைக் காலத்தில் பிள்ளைகளை வயலுக்கு இழுக்காமல் பாடசாலைக்கு அனுப்புவதோ முற்றும் ஊராரின் பொறுப்பே. பாதி வகுப்பு காலியாயிருக்கும் நாளில், வந்து உட்கார்ந்த துணையாளர் எதைப் பார்ப்பார்?